பேராசிரியர் ஜான் கெமனி

புதிய கருவி ஒன்று உலகில் தோன்றுங்கால், அது முதலில் ஒரு சிலர்க்கே உரியதாக இருக்கும். பனையோலையில் எழுதிய காலத்தில் நூல்கள் கற்றார் சிலர் வீட்டுப் பரண்களிலே கிடந்தன. அச்சுப்பொறி வந்து பரவிய பின்னரே அவை எளியார் கைக்கும் எட்டின. கணிப்பொறியின் வரலாறும் இத்தகையதே. 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணிப்பொறி என்பது பூட்டிய அறையில் வைத்துக் காக்கப்பட்ட பெரும்பொருள். பயிற்சி பெற்ற பணியாளரன்றி வேறு எவரும் அதன் அருகே செல்லுதல் அரிது. கல்லூரி மாணவர் பெரும்பாலோர் அதனைக் கண்ணாற் கண்டதும் இல்லை. அந்த அறையின் கதவை மாணவர்க்குத் திறந்துவிட்ட சான்றோருள் தலைசிறந்த ஒருவர் ஜான் கெமனி. அமெரிக்க நாட்டு டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கிய அப்பெரியாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறந்த நாடும் புகுந்த நாடும்

கெமனி 1926ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பள்ளியில் பயின்ற நாள்களில் ஐரோப்பாவின் மீது கருமேகம் சூழத் தொடங்கியது. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி யூத மக்களைக் கொடுமைப்படுத்தியது. ஹங்கேரியிலும் யூதர்களின் உரிமைகளைப் பறிக்கும் சட்டங்கள் பிறந்தன. வரவிருக்கும் தீங்கினைக் கெமனியின் தந்தையார் முன்னரே உணர்ந்தார். 1938ஆம் ஆண்டு தாம் மட்டும் அமெரிக்கா சென்று தொழிலில் அமர்ந்தார். 1940ஆம் ஆண்டு குடும்பத்தினரையும் அழைத்துக்கொண்டார். பாட்டனார் மட்டும் பிறந்த மண்ணை விட்டுவர மறுத்துவிட்டார். பின்னர் நிகழ்ந்த யூதப் படுகொலையில் அம்முதியவரும் உறவினர் வேறு சிலரும் மாண்டனர்.

நியூயார்க் நகரை அடைந்தபோது கெமனிக்கு வயது பதினான்குகூட நிரம்பவில்லை. ஆங்கிலம் ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. மொழி தெரியாத நாட்டில், புதிய பள்ளியில், பேச்சுத் துணையும் இன்றி அமர்ந்திருந்த அச்சிறுவனின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எனினும் அவர் உள்ளம் தளரவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1943ஆம் ஆண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் தம் வகுப்பினர் அனைவருள்ளும் முதல்வராகத் தேறினார். புகலிடம் தேடி வந்த சிறுவனுக்கு அந்நாட்டின் பள்ளிக்கூடம் கதவைத் திறந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் பிறர்க்குத் திறந்துவிட்ட கதவுகள் பல.

மலைமேல் நடந்த கணக்கு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கெமனி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கணிதமும் மெய்ப்பொருளியலும் கற்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞராகிய அவரையும் படை அழைத்துக்கொண்டது. கணிதத்தில் அவருக்கிருந்த திறமையை அறிந்த அரசினர், நியூ மெக்சிகோ மாநிலத்தில் மலைமேல் அமைந்த லாஸ் அலமாஸ் என்னும் இடத்திற்கு அவரை அனுப்பினர். அணுகுண்டு செய்யும் பணி அங்கு மறைவாக நடைபெற்று வந்தது.

பெயர்பெற்ற இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு பெயின்மனின் கீழ்க் கெமனி அங்குக் கணக்கிடும் பணியைச் செய்தார். வணிக நிலையங்களில் வரவு செலவு பார்க்கப் பயன்பட்ட எந்திரங்களே அவர்களுக்குக் கிடைத்த கருவிகள். துளையிட்ட அட்டைகளை ஓர் எந்திரத்திலிருந்து எடுத்து மற்றோர் எந்திரத்தில் இட்டு, இரவும் பகலும் முறைவைத்துப் பலர் உழைத்தனர். அவ்வாறு உழைத்தும், ஒரு சமன்பாட்டிற்கு விடை காண இரண்டு மூன்று வாரங்கள் ஆயின.

அந்நாளில் ஜான் வான் நியூமன் என்னும் கணித மேதை அங்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முழுவதும் மின்னணுவியலால் இயங்கி, கட்டளைகளைத் தன் நினைவிலேயே தாங்கி நிற்கும் பொறி ஒன்றைப் பற்றி அவர் விளக்கினார். கேட்டிருந்த கெமனிக்கு அது கனவுபோலத் தோன்றியது. தம் வாழ்நாளில் அத்தகைய பொறியைக் கையாளும் பேறு கிட்டுமோ என்று அவர் ஐயுற்றார்.

போர் முடிந்தபின் கெமனி பிரின்ஸ்டனுக்குத் திரும்பினார். 1948ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தார். 1949ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில், டாக்டர் பட்டம் பெற்றார்.

டார்ட்மத் கல்லூரி

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹானோவர் என்னும் சிற்றூர் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் அவ்வூரில் 1769ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது டார்ட்மத் கல்லூரி. 1953ஆம் ஆண்டு கெமனி அக்கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27. இரண்டு ஆண்டுகளில் கணிதத் துறைக்குத் தலைவராகவும் உயர்ந்தார். 1956ஆம் ஆண்டு தாமஸ் கர்ட்ஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் அத்துறையில் வந்து சேர்ந்தார். ஒருவர் தொடங்கிய எண்ணத்தை மற்றவர் முடிக்கும் வகையில் இருவரும் வாழ்நாள் முழுவதும் நண்பராயினர்.

அக்காலத்தில் டார்ட்மத்தில் கணிப்பொறி இல்லை. பாஸ்டன் நகரை அடுத்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே இருந்த பொறியைத்தான் அவர்கள் பயன்படுத்த வேண்டும். துளையிட்ட அட்டைகளை இரும்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கர்ட்ஸ் இரு வாரங்களுக்கு ஒருமுறை விடியற்காலையில் புகைவண்டி ஏறுவார். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்று, அட்டைகளைக் கொடுத்து, பொறி தரும் விடையைப் பெறுவார். அட்டையில் ஒரு குறி பிழைபட்டிருந்தாலும் விடை வாராது. பிழையைத் திருத்திக்கொண்டு அடுத்த பயணத்திற்குக் காத்திருத்தல் வேண்டும். பொறி உள்ள ஊர்களிலும் மாணவர் நிலை இதனினும் பெரிதும் மேம்பட்டதன்று. அட்டைகளைச் சாளரத்தின் வழியே பணியாளரிடம் கொடுத்துவிட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து கேட்பர். பிழையின் காரணம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே அதைத் திருத்தினால் அன்றோ கல்வி நிலைக்கும்?

1959ஆம் ஆண்டு கல்லூரிக்குச் சிறிய கணிப்பொறி ஒன்று வந்தது. கெமனியும் கர்ட்ஸும் அதனை மாணவரிடமே விட்டனர். விளைவு வியப்பை அளித்தது. மீசை அரும்பாத இளைஞர்கள், வல்லுநர் செய்யத்தக்க அரிய வேலைகளைத் தாமே செய்து முடித்தனர். இளைஞரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால் அவர்கள் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கமாட்டார்கள் என்னும் உண்மையை ஆசிரியர் இருவரும் கண்டுகொண்டனர்.

நூலகம் போன்றதோர் ஏற்பாடு

இதன்பின் அவர்கள் உள்ளத்தில் ஒரு பெரிய எண்ணம் எழுந்தது. டார்ட்மத் மாணவருள் நான்கில் ஒரு பங்கினரே அறிவியலும் பொறியியலும் பயின்றனர். ஏனைய மூன்று பங்கினர் இலக்கியம், வரலாறு, பொருளியல் முதலியன கற்றவர்கள். நாளை நாட்டின் ஆட்சியிலும் வணிகத்திலும் பெரும் முடிவுகளைச் செய்வோர் இவர்களிடையேயிருந்தே வருவர். கணிப்பொறி இன்னதென்று அறியாதவர்கள் அதனைப் பற்றிய முடிவுகளை எங்ஙனம் நன்கு செய்ய இயலும்? ஆகவே அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி எல்லா மாணவர்க்கும் கணிப்பொறியைக் கையாளக் கற்பிக்க வேண்டும் என்று கர்ட்ஸ் கருதினார். கெமனி அதனை உளமார ஏற்றார்.

நல்ல நூலகத்தில் மாணவன் விரும்பிய நூலைத் தானே எடுத்துப் படிக்கிறான். எதற்காகப் படிக்கிறாய் என்று அவனை எவரும் கேட்பதில்லை, கட்டணமும் தண்டுவதில்லை. கணிப்பொறியும் அத்தகைய நூலகம் போல் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை.

ஒரு பொறியை நூற்றுக்கணக்கான மாணவர் எவ்வாறு பயன்படுத்துவது? அதற்குரிய வழி காலப் பகிர்வு என்னும் முறையாகும். விருந்துப் பந்தியை எண்ணிப் பாருங்கள். பரிமாறுவோர் ஒருவரே, இலைகளோ பல. அவர் ஓர் இலையின் முன்னரே நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் இலையிலும் சிறிது இட்டு அடுத்த இலைக்குச் செல்கிறார். இட்டதை உண்டு முடிப்பதற்குள் மீண்டும் வந்துவிடுகிறார். ஆதலின் பந்தியில் அமர்ந்தோர் ஒவ்வொருவரும் தம்மையே அவர் கவனிப்பதாகக் கருதுவர். காலப் பகிர்வு முறையில் கணிப்பொறியும் இவ்வாறே இயங்குகிறது. ஒரு மாணவனின் வேலையை நொடிப்பொழுதில் சிறிது செய்து, அடுத்தவன் வேலைக்குத் தாவி, மீண்டும் முதல்வனிடம் வருகிறது. மனிதனின் கை தட்டச்சு செய்யும் வேகத்தினும் பொறியின் வேகம் பன்மடங்கு மிகுதியாதலால், ஒவ்வொருவனும் பொறி முழுவதும் தனக்கே உரியதென்று எண்ணி வேலை செய்யலாம்.

இத்திட்டத்திற்குத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பொருளுதவி வேண்டினர். பட்டப் படிப்பு மாணவர்களைக் கொண்டு இத்தகைய அரிய வேலையைச் செய்ய இயலுமா என்று சில அறிஞர்கள் ஐயம் கொண்டனர். எனினும் உதவி கிடைத்தது. 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கணிப்பொறி ஹானோவருக்கு வந்து சேர்ந்தது. காலப் பகிர்வுக்கு வேண்டிய கட்டளைத் தொகுதியை மாணவர்களே இரவு பகலாக எழுதினர்.

எளிய மொழி

கதவைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே செல்லும் படிகளும் ஏறத்தக்கனவாக இருத்தல் வேண்டும். அந்நாளில் கணிப்பொறிக்குக் கட்டளையிடப் பயன்பட்ட மொழிகள் கடினமானவை. இலக்கியம் பயிலும் மாணவனை அவை அச்சுறுத்தி விரட்டிவிடும். இருந்த மொழியைச் சுருக்கிக் கொள்ளலாம் என்று கர்ட்ஸ் முதலில் எண்ணினார். புதிய மொழியே வேண்டும் என்று கெமனி வற்புறுத்தினார். இவ்வாறு பிறந்தது பேசிக் என்னும் மொழி. தொடக்க நிலையினர்க்குரிய பல்நோக்குக் குறியீட்டுக் கட்டளைத் தொகுதி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது அப்பெயர். அடிப்படை என்னும் பொருளும் அதற்கு உண்டு.

அம்மொழியில் வரும் சொற்கள் நாள்தோறும் வழங்கும் எளிய ஆங்கிலச் சொற்களே. அச்சிடு என்பதற்குப் பிரின்ட். முடிவு என்பதற்கு எண்ட். பொறியுடன் தொடர்பு கொள்ள ஹலோ என்று தட்டச்சு செய்தால் போதும். வேலை முடிந்து பிரியும்போது குட்பை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண்ணிட்டால், மறந்துபோன கட்டளையைப் பின்னர் 15 என்னும் எண்ணிட்டு இடையே சேர்த்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்தால் பொறி உடனே அதனைத் தெரிவிக்கும். மாணவன் அந்த வரியை மட்டும் திருத்தி மீண்டும் முயலலாம். இந்த மொழியைப் பொறிக்குப் புரியும் எண்களாக மாற்றித்தரும் கட்டளைத் தொகுதியைக் கெமனியே எழுதினார்.

1964ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள். விடியற்காலை நான்கு மணி. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கெமனியும் மாணவர் ஒருவரும் அடுத்தடுத்து இருந்த தட்டச்சுப் பொறிகளின் முன் அமர்ந்து, தத்தம் கணக்கை எழுதி, ஒரே வேளையில் இயங்குமாறு கட்டளையிட்டனர். இரண்டு பொறிகளிலும் சரியான விடைகள் வந்தன. புகைவண்டியேறி வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற விடை, இருந்த இடத்திலேயே சில நொடிகளில் கைக்கு வந்தது.

கற்பிப்பவனே கற்கிறான்

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் முதலாண்டு மாணவர் நூற்றுக்கணக்கானோர் பேசிக் மொழியைப் பயின்றனர். இரண்டு மூன்று சொற்பொழிவுகளே அவர்களுக்குப் போதுமானவையாயின. பின்னர் அவர்கள் தாமே அமர்ந்து கணக்குகளுக்குரிய கட்டளைகளை எழுதினர். அடுத்து வந்த ஆண்டுகளில் தொலைபேசிக் கம்பிகளின் வழியாக அருகிலும் தொலைவிலும் இருந்த பள்ளிகளும் கல்லூரிகளும் டார்ட்மத் கணிப்பொறியோடு இணைந்தன.

இங்குக் கெமனியின் கல்விக் கொள்கையை நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் வேறு சில பல்கலைக்கழகங்களிலும் கணிப்பொறியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சிகள் நடைபெற்றன. 1960ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ என்னும் திட்டம் அவற்றுள் புகழ்பெற்றது. பொறி பாடத்தைக் காட்டி வினா எழுப்பும். மாணவன் விடை கூறுவான். அங்கே பொறி ஆசிரியன், மாணவன் மாணாக்கன். கெமனியோ இம்முறையைத் தலைகீழாக்கினார். டார்ட்மத்தில் மாணவனே ஆசிரியன், பொறியே மாணாக்கன். புத்தகம் செய்யத்தக்க வேலையை விலையுயர்ந்த பொறியைக் கொண்டு செய்விப்பது வீண் செலவென்பது கெமனியின் கருத்து.

பொறி ஒரு விந்தையான மாணாக்கன். சொன்னதைச் சொன்னவாறே செய்யும். சொல்லாததைத் தானாக உணர்ந்துகொள்ளாது. ஒரு கணக்கைச் செய்யும் வழியை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாயின், அவ்வழியை ஒரு படியும் விடாமல் மாணவன் முதலில் தான் தெளிய உணர்ந்திருத்தல் வேண்டும். அரைகுறையாகப் புரிந்துகொண்டு வாய்பாட்டை ஒப்புவித்தல் அங்கே செல்லாது. பொறிக்குக் கற்பிக்க முயலும்போது மாணவனே ஆழமாகக் கற்றுவிடுகிறான்.

மாணவர் சிலர் பொறியில் விளையாட்டுகளையும் எழுதி ஆடினர். கெமனி அதனைக் கடிந்துரைக்கவில்லை. விளையாட்டு அச்சத்தைப் போக்கும் என்று கருதி அதற்கும் இடங்கொடுத்தார்.

தலைவரானபின்னும் ஆசிரியர்

1970ஆம் ஆண்டு கெமனி டார்ட்மத் கல்லூரியின் தலைவர் ஆனார். பதினோராண்டுகள் அப்பதவியில் இருந்தார். இருநூறு ஆண்டுகளாக ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரி, 1972ஆம் ஆண்டு பெண்களுக்கும் பட்டப் படிப்பில் இடம் அளித்தது. பழைய மாணவர் பலர் எதிர்த்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. அமெரிக்கப் பழங்குடி இளைஞருக்குக் கல்வி தருதலும் அக்கல்லூரியை நிறுவியோரின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் இரண்டு நூற்றாண்டுகளில் அம்மக்களுள் பட்டம் பெற்றோர் மிகச் சிலரே. மறக்கப்பட்ட அவ்வாக்குறுதியைக் கெமனி மீண்டும் நிறைவேற்றத் தொடங்கினார். இத்தனை பொறுப்புகளுக்கு இடையிலும் அவர் வகுப்பறையை விடவில்லை. தலைவராக இருந்துகொண்டே மாணவர்க்குக் கணிதம் கற்பித்து வந்தார்.

1979ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவில் இருந்த அணு மின் நிலையத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. அதனை ஆராயக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 12 பேர் அடங்கிய குழுவை அமைத்து, கெமனியை அதன் தலைவராக்கினார். விபத்தின் தொடக்கத்தில் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தன. எது முதன்மையானது என்று அறிய இயலாது பணியாளர் திகைத்தனர். குழுவின் அறிக்கை எந்திரத்தின் குறையை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. பணியாளர்க்குத் தக்க பயிற்சி அளிக்காமையையும், மேற்பார்வை செய்ய வேண்டியவர்களின் மெத்தனத்தையும் அச்சமின்றி எடுத்துக்காட்டியது. எந்திரம் எவ்வளவு வலியதாயினும் அதனை ஆளும் மனிதன் கற்றவனாக இருத்தல் வேண்டும் என்பது, கெமனி தம் வகுப்பறையில் கண்ட உண்மையே அன்றோ?

இறுதி நாள்கள்

1981ஆம் ஆண்டு தலைமைப் பதவியைத் துறந்த கெமனி, உயர்ந்த வேறு பதவி எதனையும் நாடாமல் மீண்டும் முழுநேர ஆசிரியரானார். அதற்குள் பேசிக் மொழி உலகெங்கும் பரவியிருந்தது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்த சிறு கணிப்பொறிகள் பலவற்றிலும் அம்மொழியே இருந்தது. 1980களில் நம் இந்திய நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது வழங்கப்பட்ட பொறிகளும் பேசிக் மொழியை அறிந்தனவே. அறிஞர் சிலர் அம்மொழி ஒழுங்கற்ற பழக்கங்களைக் கற்பிக்கிறது என்று குறை கூறினர். பலர் தம் விருப்பம்போல் மாற்றிக் கெடுத்த வடிவங்களைக் கண்டு கெமனியும் வருந்தினார். ஆகவே கர்ட்ஸுடன் சேர்ந்து, மொழியைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் பணியில் 1983ஆம் ஆண்டு மீண்டும் இறங்கினார். தாம் படைத்த பொருளில் குறை உண்டென்று கண்டவிடத்து அதனைத் திருத்த முற்படுவதே அறிவுடையோர் இயல்பு.

1992ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள், தம் 66ஆம் வயதில், கெமனி இயற்கை எய்தினார். கர்ட்ஸ் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2024ஆம் ஆண்டு மறைந்தார்.

மலைமேல் மறைவாக நடந்த கணக்கிலே தம் இளமையைச் செலவிட்டவர் கெமனி. அங்கே ஓராண்டு முழுவதும் பலர் உழைத்துச் செய்த கணக்குகளை, பின்னாளில் டார்ட்மத் மாணவன் ஒருவன் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய காலத்தை அவரே கண்டார். அக்காலம் தானாக வந்ததன்று. கிடைத்தற்கரிய கருவியைத் தமக்கும் தம் துறைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், இலக்கியம் பயில்பவனும் அதனைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஆசிரியர்கள் விரும்பியதால் வந்தது.

மாணவர்களே! இன்று கணிப்பொறி நம் கைக்கு எளிதில் கிடைக்கிறது. அது சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அதற்கு நாம் ஒன்றைக் கற்பிக்க முயலவேண்டும். அம்முயற்சியில் நம் அறியாமை நமக்கே புலப்படும். புலப்பட்ட அறியாமை நீங்கும். நாம் கற்றதைக் கதவடைத்து வைக்காமல் பிறர்க்கும் திறந்து வைப்போமாக. கெமனியின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.